நடந்தவர்களின் பிள்ளைகள்

பழவேற்காட்டில் எல்லாரும், முன்னோர் கண்டதை ரத்தத்திலிருந்து எடுத்துக் காட்டும் முன்னோர்காட்டியில் படுத்து எழுந்துவிட்டார்கள்; குணவதி ஒருத்திதான் பாக்கி. கடல் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் கெஞ்சியும் நகராத சனம், அந்தக் கருவியில் ஒருமுறை படுத்ததும் தானாக மூட்டை கட்டியது. ஆதி மனிதர்கள் ஆப்பிரிக்கக் கரையை விட்டு, சிப்பி பொறுக்கித் தின்றபடி தலைமுறை தலைமுறையாக நடந்து வந்ததை, தங்கள் ரத்தத்திலிருந்தே பார்த்துவிட்டவர்களுக்குத் தெருவை விட்டுப் போவது பெரிதாகத் தோன்றவில்லை.

குணவதியின் கவலை தெருவைப் பற்றியதல்ல. கணவனை அலை கொண்டுபோனது. மகள் நித்திலாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. சவுக்குத் தோப்போரம் புதைத்த பிள்ளையை விட்டு எங்கே போவது?

"எனக்காக ஒரு தபா படுத்துப் பாருக்கா," என்று அழுதாள் தங்கை பூரணி. அவள் வயிறு மேடிட்டிருந்தது. "உன்னைத் தனியா வுட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

அந்த அழுகைக்காகக் குணவதி படுத்தாள்.

கண் கூசும் வெயில். பெயரில்லாத ஒரு கடற்கரை. அவள் இப்போது வேறொரு சின்னப் பெண். பக்கத்தில் அந்தப் பெண்ணின் அக்கா சிப்பியால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். செங்காவி பூசிய தன் பிள்ளையின் சிறு உடலை, முழங்கால் மடித்து, தூங்க வைப்பதுபோல் குழியில் கிடத்தினாள். ஊற்று வற்றிவிட்டது, கூட்டம் புறப்பட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. சின்னப் பெண் நடந்தாள். ஒவ்வொரு மணல்மேட்டிலும் நின்று திரும்பிப் பார்த்தாள். அக்கா புள்ளியாகி மறைந்தாள்.

குணவதி எழுந்து உட்கார்ந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"அந்த அக்கா அப்புறம் என்ன ஆனா?"

கருவியை இயக்கியபடி அதே காட்சியைத் திரையில் பார்த்திருந்த மீனலோசனி சொன்னாள்: "தெரியாதும்மா. புள்ள கருவாகுறதுக்கு முன்னாடி பார்த்தது மட்டுந்தான் ரத்தத்துல இறங்கும். அந்த அக்காவுக்கு இருந்த ஒரே புள்ளயும் போயிடுச்சு. அவங்க பார்த்தத சொல்ல யாருமில்ல."

"அப்ப தங்கிட்டவங்க யாருமே இதுல வரமாட்டாங்களா?"

"வாரிசு இருந்தாத்தானேம்மா வருவாங்க? இதுல படுத்த அத்தனை பேரும் நடந்தவங்களோட புள்ளைங்க."

குணவதிக்கு விளங்கிவிட்டது. இந்தக் கருவி யார் கேட்டாலும் 'போ' என்றுதான் சொல்லும். மாற்றிச் சொல்லக்கூடியவர்களுக்கு அதில் வாயில்லை.

வெளியே வண்டி உறுமியது. பூரணி ஓடிவந்து கையைப் பற்றினாள். "பார்த்தல்ல? வாக்கா."

"பார்த்தேன்டி. கொழந்தைகிட்ட ஒருத்தி உக்காந்திருந்தா. அவளை எல்லாரும் வுட்டுட்டுப் போயிட்டாங்க." தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்தாள். "உன் வயித்துல இருக்கறது நடக்கட்டும். நீ போ."

யார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. வண்டி கரைமேடு ஏறும்போது பூரணி பின்கம்பியைப் பிடித்து நின்று பார்த்தாள். சவுக்குகளுக்கு நடுவே அக்காவின் நீலச் சேலை. அதற்கு அப்பால் வெள்ளையாக நுரைத்த கடல்.

பூரணி தன் வயிற்றில் கை வைத்தாள். பிள்ளை எப்போதோ கருவாகிவிட்டது. இந்தக் காட்சி அதன் ரத்தத்தில் இறங்காது. வளர்ந்து ஒருநாள் முன்னோர்காட்டியில் படுத்தாலும், அங்கே அதன் பெரியம்மா உட்கார்ந்திருக்கமாட்டாள்.