மேலே நின்ற கைப்பிடி

கைப்பிடி மேலே நின்றது.

கலைச்செல்வன் நிலைப்படியிலேயே நின்று அதைப் பார்த்தான். தையல் மிஷின் சக்கரத்தின் இரும்புக் கைப்பிடி கனமானது. கையை எடுத்தால் தானே இறங்கித் தொங்கிவிடும். காலையில் ஏரிக்கரைக்குப் புறப்பட்டபோதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இப்போது செங்குத்தாக நின்றது, யாரோ பாதிச் சுற்றில் நிறுத்திப் பிடித்திருப்பதுபோல.

விரலால் தொட்டான். விழுந்தது.

புயலில் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் இல்லை. செய்யாறு பெருகி உத்திரமேரூர் ரோட்டை மூடியிருந்தது. அவனுடைய போன் மழையில் நனைந்து வீணாகிவிட்டது. மனைவி பரிமளாவின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. ஆடி மாதம் காய்ச்சலில் இறந்துபோன அவள் குரல் இப்போது அந்தப் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜாக மட்டும்தான் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. "வரும்போது தயிர் வாங்கிக்கினு வா. மறந்துடாத." அவ்வளவுதான். அதைக் கேட்டால்தான் அவனுக்கு ராத்திரிச் சோறு இறங்கும்.

அதற்காகத்தான் இந்த வேலை. அவள் ஜாக்கெட் தைத்த கை மிஷின், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய மோட்டார், நடுவில் ரப்பர் பெல்ட். கையால் சுற்றினால் மோட்டார் சுற்றும், மின்சாரம் வரும். உள்ளங்கையில் கொப்புளம் போடுகிறது என்று அவள் கைப்பிடியில் சுற்றிவைத்த சிவப்புத் துணியை அவன் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் கஞ்சித் தூக்கோடு வந்தாள்.

"இன்னாப்பா, மத்தியானம் பூரா மிஷின ஓட்டிக்கினே கீற? யாருக்கு ஜாக்கெட்டு? எனக்கா?"

"நான் ஏரிக்கரையில இருந்தேங்க்கா."

"சத்தம் கேட்டுச்சே." அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "போன் சார்ஜுக்கா இவ்ளோ பேஜார்? டிராக்டர் கீற வூட்டாண்ட குடேன். ஊரே அந்த டிராக்டர் பேட்டரியிலதான் சார்ஜ் போடுது."

"அது பரிமளா போனுங்க்கா. யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

அவள் மிஷினைப் பார்த்தாள். தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இருட்டியது. மெழுகுவத்தி ஏற்றிவைத்துச் சுற்ற ஆரம்பித்தான். ஈரச் சுவரின் வாடையும் மிஷின் எண்ணெயின் வாடையும் கலந்து வர, கூரை ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு இடையே பல்சக்கரங்கள் கடகடவென்று பேசிக்கொண்டே போக, எதிர்ச்சுவரில் அவன் நிழல் குனிந்து குனிந்து எழுந்தது. போனில் பேட்டரிப் படம் மினுங்கியது. தோள் கடுத்தது. கையை எடுத்தான்.

கைப்பிடி தொடர்ந்து சுற்றியது.

சட்டென்று ஓர் அடி பின்வாங்கினான். பிறகு சிரித்துக்கொண்டான். டயோடு போடவில்லை. மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் சின்னப் பொருள் அது. அது இல்லாவிட்டால் போனுக்குள் ஏறிய சார்ஜ் திரும்பி வந்து மோட்டாரை ஓட்டும். ஐ.டி.ஐ.யில் படித்த முதல் வருஷப் பாடம். ஓடாத ரேடியோவைத் திறந்து ஒரு டயோடை வெட்டி எடுத்தான். ஒயரை முறுக்கி இணைத்தான். சுற்றிவிட்டுக் கையை எடுத்தான். கைப்பிடி தளர்ந்து, இறங்கித் தொங்கியது.

சரியாகிவிட்டது.

மறுபடி சுற்றினான். சார்ஜ் ஏறும்போது கைப்பிடி கனக்க வேண்டும். கனத்தது. நெடுநேரம் கனத்தது. பிறகு கனம் குறைந்தது. பாரம் தூக்கும்போது இன்னொருவர் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டதுபோல.

கையை எடுத்தான்.

சுற்றியது.

போனிலிருந்து ஒயரைப் பிடுங்கினான். சுற்றியது. பெல்ட்டைக் கழற்றினான். சுற்றியது. சில சுற்று. ஒரு நிறுத்தம். மறுபடி சில சுற்று. ஜாக்கெட் கை மடித்துத் தைக்கும்போது அவள் அப்படித்தான் சுற்றுவாள்.

மெழுகுவத்தி அணைந்தது. காற்று இல்லை.

ஒயர் இல்லாத போன் ஒளிர்ந்தது. அவன் தொடவில்லை.

"வரும்போது தயிர் வாங்கிக்கினு வா. மறந்துடாத."

அங்கே முடிந்துவிடும். எப்போதும் அங்கேதான் முடியும்.

மூச்சு வாங்கும் சத்தம்.

"கை வலிக்குது. கொஞ்சம் நீ சுத்தேன்."

கைப்பிடி நின்றது. மேலே.

போன் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மூச்சுச் சத்தமும் அதோடு தேய்ந்தது. இன்னும் கொஞ்சத்தில் இரண்டும் போய்விடும். சிவப்புத் துணியில் நான்கு பள்ளங்கள் அழுந்தியிருந்தன. விரல் அகலம்.

அவன் கையை நீட்டினான்.

கைப்பிடியில் இடமில்லை.