ஊதா ஓரம்

படத்தின் மூலையில் அந்தக் கோடு இருந்திருந்தால் அவள் இரண்டாவது முறை பார்த்திருக்க மாட்டாள்.

எந்த லென்ஸும் எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. நீலம் ஒரு மயிரிழை தள்ளி விழும். வெளிச்சமும் இருட்டும் உரசிக்கொள்கிற விளிம்புகளில், படத்தின் ஓரங்களில், அது மெல்லிய ஊதாக் கோடாகக் கசியும். நடுவில் கசியாது. பதினோரு வருடமாக அந்தக் கோட்டை அழிப்பதுதான் அவள் வேலை. கணவன் படம் எடுப்பான். அவள் வீட்டின் பின்னறையில், நிறம் ஏமாற்றாமலிருக்கச் சாம்பல் பூசிய நான்கு சுவர்களுக்குள், பட்டப்பகலிலும் கறுப்புத் துணியால் ஜன்னலை மூடிக்கொண்டு, மானிட்டரின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையில் உட்கார்ந்து திருத்துவாள்.

இது ஓர் அலுவலகத்தின் பிரிவுபசாரப் படம். இருபது பேர். ஓய்வு பெறுகிற குமாஸ்தா நட்டநடுவில் நாற்காலியில் இருந்தார். அவரைச் சுற்றி மட்டும், காதிலிருந்து தோள், தோளிலிருந்து முழங்கை என்று, ஊதாக் கோடு ஓடியது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு இல்லை.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். லென்ஸ் பழசு, இந்த வாரம்தான் கைக்கு வந்தது, பழசென்றால் அப்படித்தான் என்றான்.

"நடுவுல எப்படிங்க வரும்?"

"வந்திருக்கு இல்ல? அழி. அதுகிட்ட பேட்டியா எடுக்கப் போற?"

நீலத்தை மட்டும் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி, மற்ற நிறங்களின் மேல் பொருத்தினாள். கோடு மறைந்தது. மறைந்த நொடியில் டப்பாவின் மூடி அழுந்தி உட்காருவதுபோல எங்கோ ஒரு சத்தம் கேட்டது. சமையலறையாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு லென்ஸுக்கு ஒரு குறைதான். அதனால் ஒரு படத்துக்குச் செய்த திருத்தத்தை அந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லாப் படங்களுக்கும் ஒரே அழுத்தில் கொடுத்துவிடுவது வழக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொன்றாக யார் பார்த்துக்கொண்டிருப்பது? பழையது அழிந்து, அதன் இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். ஒரே படத்துக்கு இரண்டு பிரதி வைத்துக்கொள்வது கணவனுக்குப் பிடிக்காது.

அது சனிக்கிழமை.

புதன்கிழமை மத்தியானம் குமாஸ்தாவின் மனைவி போன் செய்தாள். படம் நன்றாக வந்திருக்கிறதாம். கூடத்தில் மாட்டியாயிற்றாம். பிறகு குரலைத் தாழ்த்தி, திருத்துவதற்கு முந்தின படம் இருக்கிறதா, அதைத் தர முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று இவள் கேட்டாள். அவருக்கு நாற்பது வருஷத்து இருமல் சனிக்கிழமையோடு நின்றுவிட்டது என்றாள் அந்த அம்மாள். கோபமே வருவதில்லை. போட்டதைச் சாப்பிடுகிறார். ராத்திரி கண்ணை மூடுவதில்லை.

"மனுஷன் நல்லாத்தாம்மா இருக்காரு. எங்க வீட்டுக்காரர்தான் இல்ல."

அதன்பின் மறுமுனையில் யாரோ அந்த அம்மாள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி வைத்தார்கள்.

பழையது அழிந்துபோயிற்று. ஆனால் படம் எடுத்த அன்று சாயங்காலமே அந்த ஆபீஸ் மேலாளர் அவசரப்பட்டார் என்று, கணவன் ஒரே ஒரு படத்தைத் திருத்தாமல் அனுப்பியிருந்தான். அதைத் தேடி எடுத்தாள். நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்தாள்.

முதலில் சிவப்பு மட்டும். மானிட்டர் சிவந்தது, அறை சிவந்தது, விசைகளின் மேலிருந்த அவள் விரல்கள் சிவந்தன. இருபது பேரும் இருந்தார்கள். குமாஸ்தாவின் வாய் திறந்திருந்தது. இரண்டு கையும் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன. பச்சையிலும் அப்படியே.

நீலம்.

பத்தொன்பது பேர் மாறவில்லை. நடு நாற்காலியில் அதே சட்டை, அதே வழுக்கை. வாய் மூடியிருந்தது. கைகள் மடியில். கண்கள் நேராக அவளைப் பார்த்தன.

அது குமாஸ்தாவைவிட ஒரு மயிரிழை பெரியது. அந்த மயிரிழைதான் ஊதா. அவருக்குப் பின்னால், முழங்காலோடு முழங்கால் ஒட்டி, உள்ளே போக முடியாமல் காத்திருந்திருக்கிறது. அவள்தான் அதைச் சுருக்கினாள். பொருத்தினாள். மூடினாள்.

அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் கணவன் முதலில் மகளை நிறுத்தித்தான் சோதிப்பான். அந்த ஃபோல்டரின் முதல் ஏழு படங்கள் மகளுடையவை. இருநூற்றுப் பன்னிரண்டில் ஏழு.

ஏழு வயதுப் பெண். வாய் ஓயாமல் காதருகே நச்சரிப்பதால் வீட்டில் மகளுக்குக் கொசு என்று பேர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சத்தமில்லை. தட்டில் போட்டது காலியாகிறது. விளக்கை அணைக்காதே என்று இப்போது அழுவதில்லை. கொசுத்தொல்லை ஒருவழியாக ஒழிந்தது என்று கணவன் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். மூன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

வாசலில் பள்ளி வேன் நின்று நகர்ந்தது. கதவு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். கூடத்தைக் கடக்கிற காலடி. ஓட்டம் இல்லை. ஒரே அளவான காலடி.

கணவன் வெளியே போயிருந்தான். மானிட்டரில் இன்னும் நீலம் மட்டும்.

பின்னறைக் கதவு திறந்து சாத்திக்கொண்டது. மகள் கதவில் சாய்ந்து நின்றாள். நீல வெளிச்சம் முகத்தில் விழுந்தது. தலை ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. சிரித்தாள். மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தன. இந்தச் சிரிப்பில் எல்லாப் பற்களும் இருந்தன.

அவள் விரல் தானாகச் சிவப்பை அழுத்தியது.

சிவப்பு வெளிச்சத்தில் அதே கதவு. அதே சீருடை. உள்ளே அவள் மகள். கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதுபோல உள்ளங்கைகள் இரண்டும் விரிந்து அழுந்தியிருந்தன. முன்பல் இல்லாத வாய் முழுதாகத் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. சத்தம் வரவில்லை. அம்மா என்கிறாள் என்று உதட்டில் தெரிந்தது.

எழுந்து போக முயன்றாள். மேஜைக்குக் கீழே கால் தட்டியது. கை வழுக்கி விசைமேல் விழுந்தது.

நீலம்.

அது கதவருகே இல்லை. அறையின் நடுவில் நின்றது.

சிவப்பை அழுத்தினாள். மகள். நடு அறையில். கன்னம் ஈரம்.

சிவப்பு தானாக அணைந்து நீலம் வந்தது. விசையில் அவள் கை இல்லை. அது நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏம்மா லைட்ட மாத்தி மாத்திப் போடற?" என்றது அது, மகளின் குரலில். "எங்கள்ல யாரு வேணும்னு சொல்லு, போதும்."

சிவப்பு. மகளின் உள்ளங்கைகள், இப்போது இன்னும் உள்ளே, இன்னும் சின்னதாக.

நீலம். மூச்சு அவள் கழுத்தில் பட்டது. சூடில்லை.

மகளைப் பார்க்க வேண்டுமானால் சிவப்பை அழுத்தித்தான் ஆக வேண்டும், ஒவ்வோர் அழுத்திலும் மகள் இன்னும் சுருங்கினாலும். அழுத்தினாள்.