தூங்குமூஞ்சியின் கல்

ஃபிரிட்ஜ் குறட்டை விட்டது.

பழைய ஃபிரிட்ஜ். உறுமும், கடகடக்கும், நிற்கும்போது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிக்கொள்ளும். அதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அன்று சாயங்காலம், மழைக்கு முந்தைய இருட்டு சமையலறைக்குள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்ட நேரத்தில், அது இழுத்து இழுத்து உறுமி, மூச்சு முட்டியதுபோல் சற்றே நின்று, கடைசியில் மெல்லிய விசிலாக முடிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பக்கத்தில் படுத்துக் கேட்ட விசில் அது. முழங்கையால் விலாவில் ஒரு இடி இடித்தால்தான் நிற்கும்.

முழங்கை தானாக மடங்கியது. அவள் அதைப் புடவையில் துடைத்துக்கொள்வதுபோல் கீழே இறக்கினாள்.

"அம்மா, கருகற வாசனை வருது."

"வரல. நீ பிஸ்கட்டை நொறுக்கு."

வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்திருந்த கிண்ணத்தில் சாக்லேட் பளபளவென்று இளகிக்கொண்டிருந்தது. மகள் கறுப்பு பிஸ்கட்டுகளைப் பையில் போட்டு டம்ளரின் அடியால் இடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் தோழிகள் வருகிறார்கள், பேய் விருந்து. கண்ணாடித் தட்டில் கேக், அதன்மேல் சாக்லேட் கூழ், அதன்மேல் மண்ணாக இந்தப் பிஸ்கட் தூள், மண்ணில் நட்ட நீள பிஸ்கட்டுகள் கல்லறைக் கற்கள். அப்பா போனபிறகு வாய்விட்டு எதையும் கேட்காத பெண், வாரம் முழுக்க இதைக் கேட்டு நச்சரித்தாள். எப்படி மாட்டேன் என்பது? இந்த வீட்டில் தனக்கு மிச்சம் இந்த ஒரு குரல்தான்.

"கல்லுல பேர் எழுதணும். அப்பா எழுதற மாதிரி."

அது அவன் கண்டுபிடித்த விளையாட்டு. வெள்ளைச் சாக்லேட்டால் ஆளுக்கொரு கல். அவனுடையது 'தூங்குமூஞ்சி'. அவளுடையது 'சிடுமூஞ்சி'. மகளுடையது 'வாலு'. விருந்து முடிந்ததும் அவரவர் கல்லை அவரவர் தின்றுவிட வேண்டும். "ஒருத்தர் கல்லை இன்னொருத்தர் தின்னா, அவங்களுக்குப் பதிலா இவங்க போய்ப் படுக்கணும். சட்டம்னா சட்டம்," என்பான், நீதிபதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

போன தடவை மகளுக்கு அனலாகக் காய்ச்சல். கல்லைத் தொடவே இல்லை. அவன்தான் எடுத்துக் கடித்தான்.

"வாலுக்குப் பதிலா நான் படுத்துக்கறேன். படுக்கறது எனக்கென்ன புதுசா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். விடிவதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்த வாரமே ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. குறட்டை நின்றுவிட்டதே என்று அவள்தான் முதலில் நிம்மதியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் அவன் கால் கட்டைவிரலில் ஒரு சீட்டைக் கட்டி அனுப்பினார்கள்; அதை அவிழ்க்காமலே புதைத்தார்கள்.

தின்னாமல் மிஞ்சிய அவன் கல்லைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. சின்ன டப்பாவில் அடைத்து, ஃப்ரீசரின் அடியாழத்தில், பட்டாணிப் பைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். மகளுக்குத் தெரியாது.

இந்தத் தடவை இரண்டே கல். 'சிடுமூஞ்சி', 'வாலு' என்று எழுதினாள். நட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் தூள் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஸ்பூனால் நிரவினாள். மறுபடி பள்ளம். கீழே கூழ் இறுகியிருக்காது, அதனால்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜன்னலில் மழை பொட்டுப் பொட்டாக விழுந்தது.

"துணி நனையுது. எதையும் தொடாதே, வந்துடறேன்."

மாடியில் காற்று புடவையைப் பிடுங்கியது. கிளிப்புகள் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. ஈரத்துணியை மார்போடு அள்ளிக்கொண்டு இறங்கும்போதே வாசனை எட்டியது. சாக்லேட் இல்லை. தோண்டிய இடத்தில், முதல் மழையில், கிளம்பும் வாசனை.

ஃப்ரீசர் திறந்து கிடந்தது. பட்டாணிப் பை தரையில். டப்பா மூடியில்லாமல். காலியாக.

மகள் நாற்காலியில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். உதட்டோரம் வெள்ளைச் சாக்லேட்.

"என்னடி தின்னே?"

"அப்பாவோட கல்லு."

"அது அங்க இருக்குன்னு யார் சொன்னா?"

"அப்பாதான். எடுத்துத் தின்னுடும்மான்னு கெஞ்சினாரு. குளிருதாம்."

"கதை விடாதே. எங்கேருந்து சொன்னாரு?"

மகள் ஃபிரிட்ஜைக் காட்டவில்லை. மேசைமேல் இருந்த தட்டைக் காட்டினாள். பிறகு வாய் கொள்ளாமல் ஒரு கொட்டாவி விட்டாள். பகலில் ஒரு கணமும் கண் அயராத பெண்.

"தூக்கமா வருதும்மா."

"இப்ப தூங்கக் கூடாது. வாலு, இங்க பாரு. அம்மாவைப் பாரு."

அதற்குள் எழுந்து தள்ளாடிப் போய்விட்டாள். அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

ஃபிரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. மழையும் மூச்சடக்கியதுபோல் இருந்தது.

அறையிலிருந்து குறட்டை வந்தது.

கனமான குறட்டை. ஓர் ஆணின் குறட்டை. இழுத்து, நின்று, விசிலாக முடிந்தது. அவள் ஓடினாள். கட்டிலில் மகள் மல்லாந்து கிடந்தாள், கைகளை நேராக நீட்டிக்கொண்டு. அந்தச் சின்னத் தொண்டையிலிருந்துதான் வந்தது. உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். கன்னம் ஃப்ரீசர் டப்பாபோல் சில்லென்று இருந்தது.

குறட்டைகளுக்கு இடையில் இடைவெளி நீண்டது.

இன்னும் நீண்டது.

சட்டம்னா சட்டம்.

சமையலறைக்கு ஓடினாள். தட்டில் தூள் குவிந்து எழும்பியிருந்தது. உள்ளிருந்து எதுவோ முட்டுகிற மாதிரி. மேசையெல்லாம் சிதறல். 'சிடுமூஞ்சி' சாய்ந்து கிடந்தது. 'வாலு' நின்றது. பிடுங்கினாள். முழுசாக வாயில் திணித்தாள். மென்றாள். இனிப்பு தெரியவில்லை. விழுங்கினாள்.

அறையில் இருமல். கட்டில் கிறீச்.

"அம்மா?"

உயிருள்ள குரல். மகளின் சொந்தக் குரல். அப்பாடா என்று சுவரில் சாய்ந்தவளுக்குக் கால் துவண்டது. தரையில் சரிந்தாள். கண் இமை இரும்பாகக் கனத்தது.

காலடிகள் வந்தன. சின்னக் காலடி. அதன் பின்னால் இன்னொன்று, இழுத்து இழுத்து.

மூடப்போன கண்களுக்குத் தரை மட்டும் தெரிந்தது. மகளின் பாதங்கள். பக்கத்தில் இரண்டு பெரிய பாதங்கள். விரலிடுக்கில் மண். பிஸ்கட் தூள் இல்லை, மண். கட்டைவிரலில் ஈரத்தில் ஊறிய ஒரு சீட்டு.

"அப்பா, அம்மா தூங்கிட்டாங்க."

பெரிய பாதங்கள் வாசல் பக்கம் திரும்பின. சின்னப் பாதங்களும் திரும்பின.

போகாதே என்று கத்த அவள் வாயைத் திறந்தாள்.

குறட்டைதான் வந்தது.