பின் வலது ஸ்பீக்கர்

டேப் வைத்து அளந்தால் ஒன்பது அடி. திரையிலோ ஏழு அடி என்று வந்தது.

"நடுவுல யாராச்சும் போனீங்களா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

போவதற்கு யார் இருக்கிறார்கள்? புதிதாகப் போட்ட ஹோம் தியேட்டர் அறையில் இருந்ததே அவரும் சின்னவனும்தான். உட்காருபவரின் காது உயரத்தில், முக்காலி மேல் விரல் நீள மைக் ஒன்று நின்றது. ஸ்பீக்கர்கள் முறை வைத்து டப், டப் என்று தட்டும். மைக் அதைக் கேட்டு, எது எத்தனை அடி தூரத்தில் இருக்கிறதென்று திரையில் சொல்லும். நான்கு ஸ்பீக்கர்கள் இம்மி பிசகவில்லை. பின் வலது மட்டும் முரண்டு பிடித்தது.

"எதிரொலியா இருக்கும். நாளைக்கு வந்து பாத்துடறேன். அதுக்குள்ள நீங்களே ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. ஆனா பேசக் கூடாது. பேசினா அளவு மொத்தமும் கெட்டுடும்."

அவர் போனதும் சின்னவன் கதவைச் சாத்தினான். சுற்றிலும் ரப்பர் வைத்த கனமான கதவு. உள்ளே இடியே விழுந்தாலும் கூடத்துக்குத் தெரியாது. ஆறு மாதம் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கிய ஸ்பீக்கர்கள். அதில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க அண்ணன் படுத்திருந்த ரூமுங்க, வேற ரூம் பாக்கலாமே" என்று மனைவி இழுத்தபோது, "ஆள் போன பிறகு அது வெறும் ரூம்தான்" என்று வாயை அடைத்திருந்தான். அண்ணன் ஒரு வருடம் கைகால் விழுந்து அங்கேதான் கிடந்தார். வாய் மட்டும் வேலை செய்தது. போன மாதம்தான் கட்டிலைக் கழற்றினார்கள். தலைமாடு இருந்த மூலையில்தான் இப்போது பின் வலது ஸ்பீக்கர்.

மதியம் மூன்று மணி. கனத்த திரைச்சீலை வெயிலை அப்படியே விழுங்கியிருந்தது. ஒலி தடுக்கச் சுவரில் ஒட்டிய புதுப் பஞ்சுப் பலகைகளின் பசை நெடியும், அதற்கு அடியில், எவ்வளவு கழுவியும் போகாத தைல வாசனையும் மூக்கில் ஏறின. சின்னவன் நாற்காலியில் சாய்ந்து சோதனையை ஓட்டினான். முன் இடது தட்டியது. நடு தட்டியது. முன் வலது தட்டியது. எல்லாம் சரி. பிறகு முதுகுக்குப் பின்னால், வலது பக்கம் டப், டப்.

ஐந்து அடி.

திரும்பிப் பார்த்தான். ஸ்பீக்கர் சுவரில் வைத்த இடத்திலேயே இருந்தது. வயரில் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஓட்டினான்.

மூன்று அடி.

இந்த முறை தட்டிய சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. தோளுக்குப் பின்னால் கேட்டது. கூடவே ஒரு மூச்சு. சளி கட்டிய, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. ஒரு வருடம் கேட்டுக் காது புளித்த மூச்சு.

அண்ணன் போன அன்று மனைவியும் அண்ணியும் வெளியே போயிருந்தார்கள். கூடத்தில் சின்னவன் ஒரு ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தான். "தம்பி... மூச்சு முட்டுதுடா" என்ற குரல் அவனுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுகிற மனுஷன்மேல் அவனுக்கு அலுப்பு முற்றி வெறுப்பாகியிருந்தது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். அவர் மறுபடி கூப்பிட்டார், அவன் மறுபடி கூட்டினான். ஏழு தடவை. எட்டாவது தடவை அவர் கூப்பிடவில்லை. "எனக்கு ஒண்ணுமே கேக்கல அண்ணி" என்று அழுதபோது அண்ணிதான் அவனைத் தேற்றினாள். இது அவனுக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தான்.

சோதனை தானாக மறுபடி ஓடியது. முன் ஸ்பீக்கர்கள் தட்டவில்லை. நேரே பின் வலது.

ஒரு அடி.

எழுந்து ஓடப் பார்த்தான். இடது கால் அசையவில்லை. வலது காலும். ஒரு கை நாற்காலியின் மேல் மரக்கட்டையாகக் கிடந்தது. அடுத்த கையும் விழுந்தது. தைல நெடி. கன்னத்தில் ஈரக் காற்று.

வாய் மட்டும் வேலை செய்தது.

"அண்ணா... தெரியாம செஞ்சுட்டேண்ணா..."

காதோரம் மூச்சு மட்டும்.

"அடியே! இங்க வா! யாராச்சும் வாங்களேன்!"

ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் இரைந்தன. திரையில் சத்தத்தின் எண் ஒன்று கூடியது. அலறினான். இன்னொன்று கூடியது. நெஞ்சு இறுகியது. மூச்சு முட்டியது. கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் கேட்டிருக்காது.

பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் ரிமோட் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஆனால் அதன் ரப்பர் பொத்தான், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குழிந்து, அவன் கத்தக் கத்த நிதானமாக அமுங்கி அமுங்கி எழுந்தது.