அவள் பக்கத்துக் கடிகாரம்

சிவப்பிரகாஷ் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலை அடுப்பில் வைத்தான். இரண்டு டம்ளர் எடுத்தான். ஒன்றைத் திரும்ப அலமாரியில் கவிழ்த்தான். காபி குடித்துவிட்டு வாசலைப் பெருக்கப் போனபோது மிதியடி நனைந்து கனத்துக் கிடந்தது. மழை பெய்து இரண்டு மாதமாகிறது. மிதியடியைப் பிழிந்தான். தண்ணீர் கலங்கலாக வந்தது. கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போடவில்லை. மனைவி வேல்விழி போன நாளிலிருந்து அவன் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மேசையில் அவளுடைய லேப்டாப் இருந்தது. அவனுடையது டிசம்பர் வெள்ளத்தில் ஊறிச் செத்துவிட்டது. இதை அவள் வெளியே போகும்முன் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்ததால் பிழைத்தது. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. வீட்டிலிருந்து பார்க்க ஒரு லேப்டாப் வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னான் கூட வேலை பார்க்கும் நேசக்குமார். முடியாது என்றான் சிவப்பிரகாஷ். உள்ளே அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் அவள் அண்ணன் நடத்தும் கடைக்காகக் கருப்பட்டி மிட்டாய் லேபிள் ஒன்றைப் பாதி வரைந்திருந்தாள். பனை மரமும் இரண்டு ஓலையும். அதில் ஒரு கோடுகூட அழியக் கூடாது. அதனால் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, அவளுடைய விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, மீதி இடத்தில் லினக்ஸ் போட்டான். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்தது. லேப்டாப்பைத் திறந்தால் எந்தப் பக்கம் போக வேண்டுமென்று கறுப்புத் திரை கேட்கும். அவன் பக்கம், அவள் பக்கம்.

அவள் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்கத்தான் இப்போது போனான். எல்லாம் இருந்தது. மூலையில் கடிகாரம் மட்டும் தப்பு. காலை எட்டரைக்கு அது அதிகாலை மூன்று என்றது.

நேசக்குமாருக்குப் போன் போட்டான்.

"ஏலே, கோயில் வாசல்ல நிக்கேன். செருப்பக்கூட இன்னும் கழத்தல. என்னல?"

"அவ பக்கத்துல டைம் பின்னால காட்டுது. அஞ்சர மணி நேரம்."

"அதானா! லினக்ஸ்காரன் உள்ள இருக்க கடிகாரத்த லண்டன் டைம்ல வச்சிருவான். விண்டோஸ் அத நம்மூர் டைம்னு நம்பிரும். எல்லாப் பயலுக்கும் வாரதுதான். லினக்ஸ்ல ஒரு கமாண்டு இருக்கு, அனுப்புதேன், அடி. பொறவு வீட்டுக்கு வா. ஈவாஞ்சலின் கறி எடுத்து வச்சிருக்கா. ஒத்தையில கெடந்து சாவாத." கொஞ்சம் நிறுத்தி, "சும்மா சொன்னேம்ல," என்றான்.

கமாண்டை அடித்தான். ரீஸ்டார்ட் செய்து அவள் பக்கம் போனான். கடிகாரம் சரியாகவில்லை. தேதியும் மாறியிருந்தது. இது மார்ச், அது பிப்ரவரி என்றது. இன்னொரு முறை போய் வந்தான். ஜனவரி. பொங்கல் கழிந்த வாரம். நேசக்குமார் சொன்ன கணக்கில் இது வராது.

நிறுத்தியிருக்கலாம். மூடிவைத்துவிட்டுக் கறிச்சோறு தின்னப் போயிருக்கலாம். ஆனால் அடுத்து டிசம்பர். அந்த டிசம்பரில் ஒரு சாயங்காலம்வரை இந்த வீட்டில் தினமும் இரண்டு டம்ளர் கழுவினார்கள். விரல் தானாகப் போய் பட்டனை அமுக்கியது.

ஜன்னலுக்கு வெளியே உப்பளத்து வெள்ளை போல வெயில் எரிந்துகொண்டிருக்க, லேப்டாப்பின் சின்ன விசிறி மெல்ல இரையத் தொடங்கி, இரைச்சல் தடித்து, பக்கத்து வீட்டுத் தகரத்தில் மழை இறங்கும் சத்தமாகி, அதோடு சேர்ந்து சாக்கடைச் சேறும் டீசலும் கலந்த அந்த நாட்களின் வாடை அறை முழுக்கப் பரவியது. திரை வந்தது. அந்தத் தேதி. அந்தச் சாயங்காலம். மூலையில் மேகப் படம் போட்டு, கனமழை என்று எழுதியிருந்தது.

லேபிள் தானே திறந்தது. அவன் எதையும் தொடவில்லை. பனை மரத்தில் மூன்றாவதாக ஓர் ஓலை, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அவள் அப்படித்தான் வரைவாள். பாதியில் நிறுத்தி, அழித்து, மறுபடி.

"விழி," என்றான்.

கோடு நின்றது. அவன் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கதவுவரை போயிற்று. திரும்புவதற்குள் கதவு திறந்து மூடிக்கொண்டது.

"போகாத. ஸ்கூட்டி போனாப் போவட்டும்."

ஸ்கூட்டியை மேட்டில் நிறுத்திவிட்டு வரத்தான் அன்றைக்கு இறங்கினாள். தெருவில் முட்டளவு தண்ணீர். அடியில் மூடியில்லாத சாக்கடை. மூன்றாம் நாள்தான் கிடைத்தாள். ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். பார்த்துவிட்டான்.

திரையில் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. இரவு. மறுநாள். அதற்கு மறுநாள். நின்றது.

மழைச் சத்தமும் நின்றது.

வாசலில் தண்ணீர் சொட்டியது. ஒரு படி. இன்னொரு படி. கனமாக. மிதியடி கொடியில் கிடக்கிறது; வெறும் சிமெண்டில் ஈரக் கால்கள் தேய்ந்தன. கதவுக்கு அடியிலிருந்து கலங்கல் தண்ணீர் உள்ளே நுழைந்தது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கியபோது வந்த அதே வாடை.

அவன் கை தாழ்ப்பாளில் இருந்தது. எப்போது எழுந்து வந்தான், தெரியாது. பாதி தள்ளியாயிற்று. மீதியைத் தள்ள முடியவில்லை. திறக்கவும் முடியவில்லை. மறுபக்கம் விரல்கள் பலகையைத் தடவின. நகமில்லாத விரல்கள். தட்டவில்லை. தடவின. திறந்திருக்கும் என்று நம்பி.

கடைசியாக என்ன சொன்னாள் என்று சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அவன் சொல்லியிருந்தான்.

சொன்னாள். சுடிதார்க் காலைச் சுருட்டிவிட்டு, படியில் நின்று, திரும்பிப் பார்த்து.

"கதவுக்குத் தாப்பா போட்டுராதிய. இந்தா வந்துருதேன்."