அரை நிமிடப் புகை

கிறீச்ச்ச்...!

ஆரபியின் ஸ்கூட்டி சேற்றில் வழுக்கி வேலியோரம் சாய்ந்து நின்றது. ஒரு முழம் தள்ளி, ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நெல்லியடியின் இந்தக் குட்டி ஒழுங்கைக்குள் யாராவது இப்படித் திரும்புவார்களா?

கார்க் கண்ணாடி இறங்கியது. மழைத்தூறலுக்கு நடுவே இரண்டு கண்கள்... பயந்துபோன, பெரிய கண்கள்.

"ஐயோ... அடிபட்டுப் போச்சோ?"

"கண்ணை வீட்டிலை வைச்சிட்டோ கார் ஓடுறனீங்கள்?" என்று சீறியவள் பாதியில் நின்றாள். இந்தச் சிவப்பு... இந்த நம்பர்... மூன்று வாரமாக விற்பனை விளம்பரத்தில் பார்த்துப் பார்த்து மனப்பாடமானது! அவள் பார்க்க வந்ததே இந்தக் காரைத்தான்!

"நீங்கள்... பிரகலாதனோ?"

"ஓம். நீங்கள் புத்தூர் ஆரபியோ?"

அவள் ஸ்கூட்டியை நிமிர்த்தி நிறுத்தினாள். நேரே போய் எஞ்சினை மூடிய பொனற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

சுட்டது.

புகை கக்குவது போன்ற பழைய காரின் நோயெல்லாம் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும், சூடான எஞ்சின் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் தொலைபேசியில் மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

"நான் வருமட்டும் ஸ்டார்ட் பண்ணாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?"

"சொன்னனீங்கள்..."

"பிறகு?"

அவன் நெற்றியில் செந்தூரம் இன்னும் ஈரமாக இருந்தது. "மருதனார்மடம் ஆஞ்சநேயரிட்டைப் போட்டு வாறன். வாங்கேக்கை அங்கைதான் சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு ஓடினனான். விக்கப்போறன் எண்டு அவரிட்டைச் சொல்லாமல் விக்க மனம் வரேல்லை..."

"நல்ல சாட்டு! புகையை மறைக்க ஆஞ்சநேயரும் கூட்டோ?"

அவன் முகம் வாடிப்போனது. "கொஞ்சம் நில்லுங்கோ, உள்ளுக்கை ஒரு கடுதாசி..." என்று குனிந்தான். அவள் அதற்குள் ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டாள்.

வீடு வந்து சேரும்வரை மனம் அடித்துக்கொண்டது. மருந்துக்கடைச் சம்பளத்தில் ஐந்து வருடம் சேர்த்த காசு. அந்தக் காசுக்கு அகப்பட்ட ஒரே ஸ்போர்ட்ஸ் கார் இதுதான், அதுவும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீற்றர் ஓடியது. வெங்காய வியாபாரியான அப்பா கனகரத்தினம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேர் மட்டும் ஏறுற காரை எந்தக் குடும்பம் வாங்கும்? விடியக்காலமை புகைச்சுதெண்டால் கதை முடிஞ்சுது, பிள்ளை. அந்தக் காசிலை உனக்கு நகை செய்யிறன்."

அவள் வாழ்க்கையில் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றைத்தான்... அதுவும் கைநழுவிப் போகிறதே! ஆனால் அந்தக் கண்கள் பொய் சொல்கிற கண்களாகத் தெரியவில்லையே... சீ! ஆரபி, நீ கார் பார்க்கப் போனாயா, கண் பார்க்கப் போனாயா?

பின்னேரம் வாசல் படலையில் ஹோர்ன் சத்தம். எட்டிப் பார்த்தாள். அதே சிவப்புக் கார்! புத்தூரில் வீடு விசாரித்து வந்த பிரகலாதன் இறங்கி, கார்த் திறப்பை அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, கார் இரவைக்கு இஞ்சையே நிக்கட்டும். விடிய அவவே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டும். நான் பஸ்ஸிலை போறன்."

"முன்பின் தெரியாத ஆக்களிட்டையோ விட்டிட்டுப் போறீர், தம்பி?"

"அவதான் என்னை நம்பேல்லை. நான் அவவை நம்பலாம்தானே, ஐயா."

"நல்ல காரெண்டால் பிறகேன் விக்கிறீர்?"

"கார் திருத்துற கராச் வைச்சிருக்கிறன். காரைத் தூக்கி நிப்பாட்டிற லிஃப்ட் ஒண்டு வாங்கவேணும்..."

குடைகூட இல்லாமல் மழையில் நடந்துபோனவனை, யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்று இரவு தூங்காமல் காரை எட்டி எட்டிப் பார்த்தாள்.

விடிந்தது. எஞ்சின் சில்லிட்டுக் கிடந்தது. அப்பா காருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆரபி இருக்கையில் அமர்ந்து திறப்பைப் பிடித்தாள்.

'புகைக்காதே... என்ரை செல்லம் எல்லே, புகைக்காதே...'

திருகினாள். எஞ்சின் உறுமியது. கண்ணாடியில் பார்த்தாள்... அப்பாவைக் காணவில்லை! நீலப் புகைக்குள் மறைந்துபோயிருந்தார். மெல்ல மெல்லப் புகை கலைந்தது. பிறகு துளிகூட இல்லை. ஆனால் அப்பா பார்த்துவிட்டாரே!

"நிப்பாட்டு, பிள்ளை."

கண்ணீர் முட்டிவிட்டது. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று முன்னாலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நான்காக மடித்த ஒரு கடுதாசி. நேற்று அவன் எடுத்துத் தரக் குனிந்தானே, அதுதான்! மேலே, விளம்பரம் போட்ட நாளின் திகதி.

'விடிய முதல் ஸ்டார்ட்டில் அரை நிமிசம் நீலப் புகை வரும். வால்வு சீல் தேய்ந்துவிட்டது, நானே மாற்றித் தருவேன். மழைக்கு இடப்பக்கக் கதவு ஒழுகும். மூன்றாவது கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும்...'

கீழே வேறு மையில் ஒரு வரி எழுதி, எழுதியதை அழுத்திக் கோடு கிழித்து வெட்டியும் இருந்தது.

அப்பா கடுதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். கனைத்தார்.

"நான்கூட அழுகல் வெங்காயத்தை மூடைக்கு அடியிலைதான் போடுறனான். இந்தப் பெடியன் மேலையெல்லோ வைச்சிருக்கிறான்... வாங்கு, பிள்ளை." சொல்லிவிட்டு, காரின் சில்லுக்கு வைக்க எலுமிச்சை மரத்தில் தேசிக்காய் பிடுங்கக் கொல்லைக்குப் போனார்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய பிரகலாதன் படலையடியில் தயங்கி நின்றான். கண்கள் சிவந்திருந்தன. அவனும் தூங்கவில்லை போலும்.

"புகைச்சதோ?"

"புகைச்சது. எழுதினமாதிரியே அரை நிமிசம்." அவள் தலை தானாகக் குனிந்தது. "நேற்று ஏசினதுக்கு... மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

"அதை விடுங்கோ."

"கடைசி வரியை ஏன் வெட்டினனீங்கள்?"

"அது... காரின்ரை குறை இல்லை."

"ஆற்றை குறை?"

"என்ரை." படலைக் கொக்கியைத் திருகினான். "வாங்க வந்த ஆளைக் கண்ட நேரம் தொடக்கம் விக்க மனமில்லை எண்டு எழுதினனான். வித்துப்போட்டால்... பிறகு என்னத்தைச் சொல்லி உங்களைப் பாக்க வாறது?"

மழை தூறத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள்.

"ரெண்டு லட்சத்து நாப்பதினாயிரம் ஓடின கார். நீங்கள் கிழமைக்கொருக்கால் வந்து பாக்காட்டில் இது ஓடுமோ?"

அவள் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ரெண்டு பேர்தான் ஏறலாம் எண்டு அப்பாவுக்குக் குறை. எனக்கு ரெண்டு பேர் போதும்... ஏறுங்கோ, பிரகலாதன். எனக்கு நேற்றே பிடிச்சிட்டுது. காரைச் சொல்லேல்லை."