குழலில் வந்த ஒன்பது சுரங்கள்

ருவான்வெல்லை பஸாரில் மைமூனாவின் கொமியுனிகேஷன் கடைக்குள் விஜயகலா நுழைந்தபோது பகல் இரண்டு மணி. உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"என் பாட்டு அக்கா. தோட்டத்துப் பிள்ளை மடுவத்துல நான் பார்த்துக்கிற பிள்ளைங்களுக்காக நானே கட்டினது. மியூசிக் போட்டுத் தாங்கன்னு மார்ச் மாசம் ஸ்டூடியோ தனுஷன்கிட்ட கெசட் குடுத்தேன். இப்ப அது அவரு பாட்டாம். கோயில் சீடியில அவரு பேரு வரப்போகுது. நான்தான் திருடினேன்னு கோயில் மைக்ல தலைவர் சொல்லிட்டார். கள்ளிகிட்ட பிள்ளைய விட்டுட்டு ரப்பர் பால் வெட்டப் போக மாட்டோம்னு ரெண்டு பேரு காலையில பிள்ளைங்களத் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

சீடி அட்டை நாலு மணிக்கு அச்சுக்குப் போகிறதாம். வாசலில் ஓட்டோவை நிறுத்தியிருந்த அழகமுத்துவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துப்புத் துலக்க மைமூனா எங்கே கிளம்பினாலும் சாரதி அவன்தான். "வாங்க அக்கா, போய் நாலு கேள்வி கேட்போம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டான். மைமூனாவோ விஜயகலாவிடமிருந்த கெசட் பிரதியைப் போட்டு, கண்ணை மூடி, இரண்டு தடவை முழுதாகக் கேட்டாள். மடுவத்துக் கதவைத் திறந்துவைத்துப் பதிந்த பாட்டு. பிள்ளைச் சிணுங்கல், ரோட்டுச் சத்தம், எல்லாம் அதில் இருந்தன. மணி இரண்டரையாகிவிட்டதே என்று அழகமுத்து மனதுக்குள் வைதான்.

விஜயகலாவையும் ஏற்றிக்கொண்டு மூவரும் போனபோது, ஸ்டூடியோவில் கோயில் தலைவர் பழனியாண்டியும் இருந்தார். தனுஷன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். திரையில் சுரங்கள் சின்னச் சின்னக் கட்டைகளாக நின்றன.

"இது மிடி. குரல் இல்ல, வெறும் சுரக் குறிப்பு. கீபோர்டுல நான் வாசிச்சது. தேதியப் பாருங்க, ஜனவரி."

அழகமுத்துவின் முகம் விழுந்துவிட்டது. பாவி, கெசட்டுக்கு இரண்டு மாதம் முந்திக்கொண்டானே.

"குரலைப் பதிஞ்சு குடுத்தா கம்ப்யூட்டரே சுரமா மாத்தும்தானே தம்பி?" என்றாள் மைமூனா.

"மாத்தும். நான் அப்படிச் செய்யல."

"ஒரு சுரம்கூட?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் இந்த விரல்தான்."

பாட்டைப் போடச் சொன்னாள். பல்லவி முடிந்ததும் புல்லாங்குழல் ஒன்பது சுரம் வாசித்து ஓய்ந்தது.

"இந்தக் குழல் நல்லாயிருக்கே."

"ரெண்டு நாள் யோசிச்சுப் போட்டது."

"குழல் சத்தத்தை எடுத்துட்டு, வெறும் பீப் சத்தத்துல அதை மட்டும் போடுங்க."

போட்டான். அழகமுத்து கதிரையை விட்டு எழுந்துவிட்டான்.

"அக்கா, இது பாண் ஓட்டோ. பாட்டுப் போட்டுக்கிட்டுப் பாண் ரொட்டி விக்கிறவன், தினம் எனக்கு முன்னாடி போறான்."

மைமூனா விஜயகலாவின் கெசட்டைப் போட்டாள். பல்லவி முடிந்து அவள் மூச்சு வாங்கும் இடத்தில், வெளியே ரோட்டில் அதே ஒன்பது சுரம்.

"நான் போனுக்கு ரிங்டோன் செய்றவ. எது பாட்டு, எது பக்கத்துச் சத்தம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குரல் நின்னா, கேக்குறதை எடுத்துக்கும். தம்பி அதையும் பாட்டுல ஒரு துண்டுன்னு நினைச்சுக் குழலுக்குக் குடுத்துட்டார். ஜனவரியில விரலால வாசிச்ச பாட்டுக்குள்ள, மார்ச்ல மடுவத்துப் பக்கம் போன பாண் ஓட்டோ அதே இடத்துல எப்படி வந்துச்சு? கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பின்னால தள்ளினா, அது எந்தத் தேதியும் போடும்."

தனுஷன் திரையை அணைத்தான். "சொந்தமா எனக்கு இதுவரைக்கும் ஒரு மெட்டும் வரல" என்றான். அழகமுத்துவுக்கு ஒரு கணம் இரக்கம்கூட வந்தது, உடனே போய்விட்டது.

பழனியாண்டி தொண்டையைச் செருமினார். "சரி, அட்டையில இந்தப் பிள்ளை பேரைப் போட்டுர்றேன். முடிஞ்சுது."

"முடியலீங்க தலைவரே" என்றாள் விஜயகலா. " நீங்க மைக்ல சொன்னது ஏழு லயத்து வீடுங்களுக்கும் கேட்டுச்சு. அட்டையை யாருங்க படிப்பா? மைக்லயே சொல்லுங்க."

"அச்சுக்கு நேரமாச்சேம்மா."

"அச்சு நாளைக்குப் போகட்டுங்க. பிள்ளைங்க காலையில ஆறு மணிக்கு வரணும்."

 பழனியாண்டி வெளியே போய் ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

"கோயிலுக்கு விடுப்பா" என்றார்.